சுவர் ராத்திரி ஈரமாகி மதியம் காய்ந்துவிடுகிறது. குழாய் கசிவா?

தங்கச்சிமடத்தில் ஐந்து வருடத்துக்கு முன் கட்டிய கான்கிரீட் வீடு, மாடி ஒழுகவில்லை, ஈரம் பார்க்கும் மீட்டர் வைத்துப் பார்த்தவர் "உள்ளே குழாய் கசியுது, டைல்ஸை உடைக்கணும்" என்கிறார், உடைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போது உடைக்காதீர்கள்.

மண்டபத்தில் என் அக்கா வீட்டிலும் இப்படித்தான். மீட்டரின் இரண்டு முள்ளையும் சுவரில் வைத்ததும் சிவப்பு எரிந்தது. நம்பி, குளியலறைத் தரை முழுவதையும் பெயர்த்தோம். குழாயில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. அன்று அக்கா அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த மீட்டர் தண்ணீரை நேரடியாக அளப்பதில்லை. முள்ளுக்கு முள் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று பார்க்கிறது. சுவரில் உப்பு இருந்தால் கொஞ்ச ஈரத்துக்கே எண் எகிறிவிடும். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் உப்பு ஜாடி நசநசப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடலோரச் சுவரும் அதைத்தான் செய்கிறது: ராத்திரி ஈரம், வெயில் ஏறினால் உலர்வு.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஒன்றரை அடிச் சதுரத் தடித்த பிளாஸ்டிக் தாளை, பட்டியும் பெயிண்டும் சுரண்டிய இடத்தில், நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம். ஒரு முழு நாள் விட்டால் இன்னும் நல்லது. தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. சுற்றிலும் நனைந்து, தாளுக்கு அடியில் மட்டும் காய்ந்திருந்தால் பெரும்பாலும் உப்பின் வேலைதான். உறுதி செய்ய, சுரண்டிய பூச்சுத் தூளை காய்ச்சி வடித்த நீரில் கரைத்துத் தெளியவிட்டு, ஏதாவது ஓர் ஆய்வகத்தில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். பால் போல வெளுத்தால் குளோரைடு, அதாவது உப்பின் கூறு, இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் கரைக்க வேண்டாம், அதிலேயே உப்பு உண்டு.

உங்கள் வீட்டுக்கு எந்தத் தண்ணீரில் கலவை போட்டார்கள்? கம்பி கட்டும் கான்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு வரைதான் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 அனுமதிக்கிறது. நம் பக்கத்து உவர்க்கிணறு பலதும் அதைத் தாண்டும். கலவைக்கு லாரித் தண்ணீர் வாங்கிவிட்டு, போட்ட கான்கிரீட்டை ஈரமாக வைத்து இறுகவிட (க்யூரிங்) மட்டும் கிணற்றுத் தண்ணீர் அடிக்கிற வழக்கம் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

உப்புதான் என்றால் மேலே எனாமல் அடித்து மூடாதீர்கள். உள்ளே உப்பு பூத்துப் பூச்சைத் தள்ளிவிடும். பொரிந்த பூச்சைச் செங்கல் வரை கொத்திவிட்டு, நல்ல தண்ணீரில் மறுபடி பூசுங்கள். அதற்கு முன் தூண், பீம், லிண்டலை ஒரு சுற்றுப் பாருங்கள். கம்பி ஓடும் வாக்கில் நேர்கோடாக வெடிப்போ பழுப்புக் கறையோ தெரிந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கலாம்; பூச்சு வேலையை நிறுத்திவிட்டு, கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.