மாடியில் சோலார் போட்டால் கரண்ட் போகும்போது விளக்கு எரியுமா? 3 கிலோவாட்டா, 5 கிலோவாட்டா?

கேள்வி: மதுரையில் சொந்த வீடு. இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் ஓடுகிறது. பழைய யூபிஎஸ்ஸும் 150 ஏ.எச். பேட்டரியும் நல்ல நிலையில் இருக்கின்றன. 5 கிலோவாட் ஹைப்ரிட் சோலாரும் லித்தியம் பேட்டரியும் போடச் சொல்கிறார்கள். தேவையா? கரண்ட் போனால் சோலார் வேலை செய்யுமா?

பதில்:

உங்களுக்கு 3 கிலோவாட் ஆன்-கிரிட் (பேட்டரி இல்லாமல் ஈ.பி. லைனோடு இணைந்து ஓடும் சோலார்) போதும். லித்தியம் பேட்டரி இப்போது வேண்டாம். பில்லைக் குறைப்பது ஒரு வேலை, கரண்ட் போகும்போது ஃபேன் சுற்றுவது இன்னொரு வேலை. இரண்டையும் ஹைப்ரிட் என்று ஒரே பெட்டியில் கட்டி விற்கும்போதுதான் செலவு எகிறுகிறது.

முதலில் கரண்ட் விஷயம். ஆன்-கிரிட் சோலார், ஈ.பி. கரண்ட் போன இரண்டு நொடிக்குள் தானும் நின்றுவிடும், உச்சி வெயில் அடித்தாலும்கூட. அது பழுது இல்லை. லைனை அணைத்துவிட்டுக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் மீது உங்கள் மாடி மின்சாரம் பாயக்கூடாது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு, ஐ.எஸ். 16169 என்ற தரச் சோதனையும் இதற்குத்தான். விற்பவர் இதைச் சொல்லாமல் விட்டால் முதல் பவர்கட்டிலேயே 'ஏமாந்துவிட்டோம்' என்று தோன்றும். கரண்ட் வந்ததும் ஒரு சில நிமிடம் லைனைக் கவனித்துவிட்டு சோலார் இன்வெர்ட்டர் (பேனலின் டி.சி.யை வீட்டு ஏ.சி.யாக மாற்றும் பெட்டி) தானாக ஓடத் தொடங்கும்.

இனி காசு. தமிழ்நாட்டில் 1 கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு சுமார் 720. உங்கள் 900-இல் அதைக் கழித்தால் மிச்சம் 180. அதில் முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம். 900 யூனிட்டுக்கு இப்போது நீங்கள் கட்டுவது 5,800 ரூபாய் அளவில் இருக்கும். சோலாருக்குப் பிறகு அது 200 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்துவிடும். இவ்வளவு பெரிய வித்தியாசம் வருவதற்குக் காரணம் படிக்கட்டுக் கட்டணம். 400 யூனிட் வரை ஐந்து ரூபாய்க்குள் இருக்கும் விலை, 500-ஐத் தாண்டியதும் எட்டு ரூபாய்க்கு மேல் போகிறது. தாண்டிய பில்லில் 101 முதல் 200 வரையிலான சலுகை விலையும் பறிபோகிறது. சோலார் மேல்படியில் இருக்கும் விலை உயர்ந்த யூனிட்களை முதலில் வெட்டுகிறது.

இப்போது 5 கிலோவாட்டைப் பாருங்கள். அது 1,200 யூனிட் தரும், உங்கள் தேவையோ 900. கூடுதல் 2 கிலோவாட் மிச்சப்படுத்தித் தருவது அந்த 200 ரூபாயைத்தான். மத்திய அரசின் பி.எம். சூர்யா கர் திட்ட மானியமும் 3 கிலோவாட்டோடு நின்றுவிடுகிறது: முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000. அதற்கு மேல் எத்தனை போட்டாலும் அதே தொகைதான். மானியம் வேண்டுமென்றால் இந்தியாவில் செய்த செல்லோடு கூடிய டி.சி.ஆர். பேனல் கட்டாயம், விலைப்பட்டியலில் அந்த வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். 3 கிலோவாட்டுக்கு 1,80,000 ரூபாய் கேட்டால் மானியம் போக 1,02,000 உங்கள் கைக்காசு. ஆண்டுக்கு 30,000 ரூபாய் மிச்சம் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் மூன்றரை ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். உங்கள் இணைப்புக்கு நெட்வொர்க் கட்டணம் (லைனைப் பயன்படுத்துவதற்கான கட்டணம்) உண்டா என்று ஈ.பி. பிரிவு அலுவலகத்தில் கேட்டு அதையும் கணக்கில் சேருங்கள். வீட்டின் அனுமதி பெற்ற லோடு 3 கிலோவாட்டுக்குக் குறைவாக இருந்தால் அதை உயர்த்துவது பற்றியும் அங்கேயே பேசிவிடுங்கள்.

இதைப் படிக்கும் 400 யூனிட் வீட்டுக்காரர்கள் இதே கணக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அவர்களுடைய மொத்த பில்லே 1,200 ரூபாய்க்குள்தான். 3 கிலோவாட் போட்டால் பணம் திரும்ப 14 ஆண்டுக்கு மேல் ஆகும். 1 கிலோவாட் போட்டால் ஓரளவு சரி.

பேட்டரியின் விலையை யூனிட்டுக்கு எவ்வளவு என்று பார்த்தால்தான் புரியும். ஒரு லட்ச ரூபாய் பேட்டரி, பத்தாண்டு ஆயுள் என்று வைப்போம், ஆண்டுக்கு 10,000. மாதம் எட்டு மணி நேரம் பவர்கட், அப்போது 500 வாட் லோடு என்றால் ஆண்டு முழுக்க அது தரப்போவது 50 யூனிட்கூட இல்லை. ஒரு யூனிட் 200 ரூபாய்க்கு மேல்! நெட் மீட்டர் (லைனுக்குப் போவதையும் வருவதையும் கழித்துக் கணக்கிடும் மீட்டர்) இருக்கும்வரை பகலில் மிஞ்சுவதை ஈ.பி.யிடம் கொடுத்து இரவில் வாங்கிக்கொள்ளலாம். சேமிப்புக்கென்று தனியாகப் பேட்டரி வேண்டாம். உங்கள் பழைய 150 ஏ.எச். பேட்டரி 1.8 யூனிட் கொள்ளும். பாதியை மட்டும் எடுத்தாலும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் நான்கும் சில எல்.இ.டி. விளக்குகளும் ஐந்து மணி நேரம் தாங்கும். தினமும் பல மணி நேரம் கரண்ட் போகும் இடம், மூச்சுக் கருவியோடு நோயாளி இருக்கும் வீடு என்றால் நான் வேறு மாதிரி சொல்வேன்; அங்கே பேட்டரி அவசியம்.

யூபிஎஸ்ஸை வைத்துக்கொள்ளும்போது ஒன்றில் மிகுந்த கவனம் வேண்டும். சோலார் இன்வெர்ட்டரின் ஏ.சி. வயரை யூபிஎஸ் வெளியீட்டுப் பக்கம் இணைக்கவே கூடாது. யூபிஎஸ் தரும் 230 வோல்ட்டை அது ஈ.பி. என்று நம்பி மின்சாரத்தை உள்ளே தள்ளத் தொடங்கினால் யூபிஎஸ் கருகிவிடும். ஜெனரேட்டர் உள்ள வீட்டிலும் இதே ஆபத்துதான். சோலார் இணைப்பு, ஈ.பி.யிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்-ஓவர் சுவிட்சுக்கு முன்னால், ஈ.பி. பக்கத்தில் இருக்க வேண்டும்.

நம்பகத்தன்மை என்று வந்தால் பேனல்கள் அதிகம் தொல்லை தருவதில்லை. மதியம் அடிக்கடி இன்வெர்ட்டர் 'கிரிட் ஓவர் வோல்டேஜ்' காட்டி நின்றுபோவதுதான் பலர் சொல்லும் புகார். மதியம் தெருவில் லோடு குறைவு, எல்லா மாடியிலிருந்தும் மின்சாரம் லைனுக்குள் போகிறது, லைனின் கடைசியில் வோல்டேஜ் ஏறுகிறது. பல இன்வெர்ட்டர்கள் 253 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிடும்படி அமைக்கப்பட்டிருக்கும். உங்கள் வயரும் இதில் கூட்டாளி. 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர். மாடியிலிருந்து மீட்டருக்கு 30 மீட்டர் என்றால் போக வர 60 மீட்டர். 2.5 சதுர மி.மீ. தாமிர வயரில் ஏறும் வோல்டேஜ் கிட்டத்தட்ட 6. அதே தூரத்துக்கு 6 சதுர மி.மீ. போட்டால் இரண்டரைக்குள் நிற்கும். லைனில் 248 இருக்கும் மதியத்தில் அந்த மூன்றரை வோல்ட்தான் இன்வெர்ட்டர் ஓடுமா நிற்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. 6 சதுர மி.மீ. வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அப்படியும் நின்றால் மதியம் 12 மணிக்கு மீட்டர் முனையில் வோல்டேஜ் அளந்து, தேதி நேரத்தோடு ஈ.பி.யில் மனுக் கொடுங்கள். டிரான்ஸ்பார்மர் டேப்பை மாற்றி வோல்டேஜைக் குறைப்பதும், உங்கள் வீட்டை வேறு ஃபேஸுக்கு மாற்றுவதும், தளர்ந்த நியூட்ரலை இறுக்குவதும் அவர்களால் முடியும். இன்வெர்ட்டரின் வோல்டேஜ் வரம்பை மட்டும் உயர்த்திவிட்டுப் போகும் டெக்னீஷியனை நம்பாதீர்கள். ஏறிய வோல்டேஜை உங்கள் ஃபிரிட்ஜும் டிவியும் சுமக்கும்.

அடுத்தது பேனல் வயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டர். ஒரு கம்பெனியின் ஆண் முனையை வேறு கம்பெனியின் பெண் முனையில் செருகினால் பொருந்துவது போலத் தோன்றும். உள்ளே தொடர்பு தளர்வாக இருந்து சூடேறி உருகும். 540 வாட் பேனல் ஆறு வரிசையாகச் சேர்ந்தால் 250 வோல்ட் டி.சி. அதில் தீப்பொறி விழுந்தால் ஏ.சி. போல எளிதில் அணையாது. இரண்டு முனையும் ஒரே தயாரிப்பு, வயர் முனையை அழுத்திப் பிடிக்கச் சரியான கிரிம்பிங் கருவி, 4 சதுர மி.மீ. சோலார் வயர். எர்த் குழி மூன்று: டி.சி.க்கு ஒன்று, ஏ.சி.க்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. எர்த் 5 ஓமுக்குள் இருக்கிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள்.

தண்ணீர்த் தொட்டி பேனலுக்குத் தெற்கே இருந்தால், டிசம்பர் நண்பகலில் 2 மீட்டர் உயரத் தொட்டியின் நிழல் 1.3 மீட்டர் வடக்கே விழும், காலையிலும் மாலையிலும் இன்னும் நீளும். ஒரு பேனலில் விழும் நிழல் முழு வரிசையையும் இழுக்கும். தெற்கு நோக்கி 10 பாகை சாய்வு மதுரைக்குச் சரி. தட்டோட்டைத் துளைக்க விடாதீர்கள், மழையில் ஒழுகும். கான்கிரீட் திண்டு கட்டி அதில் போல்ட் வைக்கட்டும்.

துடைப்பது பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வெயில் ஏறுமுன். உப்புப் போர்வெல் தண்ணீரை அப்படியே காயவிட்டால் வெள்ளைக் கறை படிந்து பிறகு போகாது. நல்ல தண்ணீரில் கழுவி ரப்பர் வைப்பரால் இழுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உற்பத்தி குறைவது இயல்பு. பங்குனி வெயிலில் மாதம் 300 யூனிட்டுக்குக் கீழே போனால் துடைத்துப் பாருங்கள், பிறகு இன்வெர்ட்டர் ஆப்பில் வோல்டேஜ் பிழைப் பதிவைத் தேடுங்கள். அதன் பிறகும் காரணம் தெரியாவிட்டால்தான் நிறுவியவரை அழையுங்கள்.