பாலி, ஜாவா பயணம்: எந்த ஆட்டத்துக்கு டிக்கெட், எந்த இடத்துக்கு கைடு?

மண்டபத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஐயா, மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். ஆகஸ்ட் மாதம் நான், மனைவி, வயதான அம்மா, அவன் என நால்வரும் பாலிக்கும் யோக்யகர்த்தாவுக்கும் போகிறோம். ஏஜென்ட் போட்டுக் கொடுத்த திட்டத்தில் தினமும் கைடு, கெச்சாக் நடனம், பாரோங் நடனம், ராமாயண நாட்டிய நாடகம், விருந்தோடு ஒரு நடனம், கலாச்சார கிராமம் என்று வரிசையாக இருக்கிறது. இவற்றுக்கே தனியாக ஒரு பெரிய தொகை. அக்னி தீர்த்தக் கரையில் வடநாட்டு யாத்ரீகர்களை வளைத்துப் பிடிப்பவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு கைடு என்றாலே ஒரு ஒவ்வாமை. டூரிஸ்ட்டுக்காகப் போடும் ஆட்டத்தில் அசல் கலாச்சாரம் எங்கே இருக்கப் போகிறது? எதை வைத்துக்கொள்ள, எதை வெட்ட?"

கெச்சாக், யோக்யகர்த்தா பக்கத்துப் பிரம்பனான் கோயிலில் நடக்கும் ராமாயணம், போரோபுதூர் பௌத்தக் கோயிலில் கைடு, இந்த மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். பாரோங்கும் விருந்து நடனமும் வேண்டாம். தினசரி கைடுக்குப் பதிலாக ஓட்டுநரோடு ஒரு கார் போதும். இனி காரணங்கள்.

அசலா என்ற சந்தேகத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கெச்சாக் பழங்கால ஆட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்று நாம் பார்க்கும் வடிவம் 1930களில் உருவானது. சாங்ஹ்யாங் என்ற அருள் வந்து ஆடும் சடங்கில் ஆண்கள் கூட்டமாக எழுப்பும் ஒலியை எடுத்து, அதோடு ராமாயணக் கதையைச் சேர்த்தார்கள். பாலிக் கலைஞர்களோடு வால்ட்டர் ஸ்பீஸ் என்ற ஜெர்மன் ஓவியரும் அதில் பங்கெடுத்தார். வெளியூர்க்காரர்கள் பார்க்க வேண்டும் என்ற நோக்கம் தொடக்கத்திலேயே இருந்தது. அதனால் அது போலி ஆகிவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாலிக்காரர்கள் இந்தக் கேள்வியை நமக்கு முன்பே கேட்டுக்கொண்டவர்கள். 1971இல் அங்கே இதற்காகவே ஒரு கருத்தரங்கு கூடி, நடனங்களை மூன்றாகப் பிரித்தார்கள்: கோயிலுக்குள் சாமிக்கு மட்டும் ஆடுவது, கோயில் விழாவை ஒட்டி ஆடுவது, யார் முன்னும் ஆடக்கூடிய பொழுதுபோக்கு ஆட்டம். யுனெஸ்கோ 2015இல் அங்கீகரித்ததும் இந்த மூன்று வகைகளையும் சேர்த்துத்தான். உத்தரகோசமங்கை மரகத நடராஜரின் சந்தனக் காப்பு ஆருத்ராவுக்குத்தான் களையப்படும், கரகாட்டத்தை எந்த மேடையிலும் பார்க்கலாம். கிட்டத்தட்ட அதே பாகுபாடுதான். ஆக, உங்களுக்குக் காட்டப்படுவது, காட்டலாம் என்று அவர்களே முடிவெடுத்த பங்கு. நான் வேறு மூன்று விஷயங்களைப் பார்ப்பேன்: யார் ஆடுகிறார்கள், காசு யாருக்குப் போகிறது, நாம் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்க பின்னால் ஆடுகிறார்களா அல்லது ஆட்டத்துக்காகவே உட்கார்ந்திருக்கிறோமா.

கடைசிக் கேள்வியிலேயே விருந்து நடனம் அடிபட்டுப் போகிறது. தட்டும் கரண்டியும் சத்தம் போடும் இடத்தில் ஒவ்வொரு ஆட்டத்தையும் துண்டு துண்டாகக் கத்தரித்துத்தான் தருவார்கள். சாப்பாடும் சுமார். அந்தப் பணத்துக்கு பாலியில் உபுத் ஊரின் அரண்மனை முற்றத்துக்குப் போங்கள். அங்கே இரவுதோறும் வெவ்வேறு குழுக்கள் லெகோங் என்ற பெண்கள் நடனம் உள்ளிட்ட ஆட்டங்களை ஆடுகின்றன. பக்கத்திலேயே இருக்கும் பெலியாத்தான் ஊர்க் கலைஞர்கள் 1931இலேயே பாரிஸ் கண்காட்சிக்குப் போய் ஆடியவர்கள் என்றால், அந்த வட்டாரத்துக்கு இதில் எத்தனை காலப் பழக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேமலான் வாத்தியங்களை அருகிலிருந்து கேட்பதற்காகவே போகலாம்.

சிங்கம் போன்ற காவல் தெய்வமாக வேஷம் கட்டி ஆடும் பாரோங் மோசமான ஆட்டம் இல்லை. ஆனால் பத்துபுலான் பக்கம் காலையில் பஸ் பஸ்ஸாக ஆளை இறக்கிப் போடும் காட்சிகளுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அது முடிந்ததும் சேலுக்கில் வெள்ளி நகைக் கடை, மாஸில் மரச் சிற்பக் கடை, அப்புறம் காப்பித் தோட்டம். காப்பி ருசி பார்க்க இலவசம், புனுகுப் பூனையின் எச்சத்திலிருந்து எடுத்த லுவாக் காப்பிப் பொட்டலத்துக்கு விலை. அந்தப் பூனைகளைப் பல இடங்களில் கூண்டில் அடைத்து வைத்திருப்பதைப் பார்த்தால் காப்பியே கசந்துவிடும். வண்டியை அங்கே நிறுத்துபவருக்குக் கமிஷன் உண்டு. இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், டூர் விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் மிச்சத்தைக் கடைக்காரர் கொடுக்கிறார் என்று அர்த்தம். கடைக்காரர் அதை உங்களிடம்தான் வசூலிப்பார். உங்கள் பாதி நாளும் அதில் போய்விடும்.

சரி, கெச்சாக்குக்கு வருவோம். அது நடக்கும் உலுவாத்து கோயில் கடலோரச் செங்குத்துப் பாறையின் மேல் இருக்கிறது. ஆட்டம் சூரியன் மறையும் நேரத்தில், சுமார் ஒரு மணி நேரம். வாத்தியமே கிடையாது, வட்டமாக உட்கார்ந்த ஆண்களின் குரல்தான் எல்லாம். இருக்கைகள் அரைவட்டமாக ஏறும் படிக்கட்டுகள், சாய்ந்துகொள்ள வழியில்லை. அம்மாவுக்கு ஒரு சின்ன மெத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் போய்க் கீழ்ப் படிகளில் இடம் பிடியுங்கள். ஆனால் முதல் வரிசை வேண்டாம். அனுமன் எரியும் தேங்காய் மட்டைகளை உதைக்கும்போது பொறி பறக்கும். கோயில் குரங்குகள் மூக்குக் கண்ணாடியையும் செல்போனையும் பறித்துக்கொண்டு, தின்பண்டம் கொடுத்தால்தான் விடும். கண்ணாடி இல்லாமல் அம்மாவுக்கு ஆட்டம் தெரியாது என்பதால் கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடியே நல்லது. டிக்கெட்டைத் தனியாகவும் வாங்கலாம், ஏஜென்ட் மூலம்தான் வாங்க வேண்டும் என்பதில்லை.

பிரம்பனானில் ராமாயண நாட்டிய நாடகம் 1961 முதல் நடக்கிறது. மழைக்காலத்தில் அரங்குக்குள் போடுவார்கள். மே முதல் அக்டோபர் வரை திறந்தவெளியில், விளக்கேற்றிய கோயில் கோபுரங்களைப் பின்னணியாக வைத்து. நீங்கள் போவது ஆகஸ்ட், அதனால் வாய்ப்பை விடாதீர்கள். வாரத்தில் எல்லா நாளும் கிடையாது, நாளைப் பார்த்துவிட்டு விமான டிக்கெட் போடுங்கள். வசனமே இல்லை, கதை தெரிந்தவர்களுக்கு மொழித் தடையும் இல்லை. ஆடுபவர்களில் பலர் முஸ்லிம்கள், அவர்களுக்கு ராமாயணம் சொந்தக் கதைதான்.

அதே பிரம்பனான் கோயிலைப் பகலில் பார்க்க உங்களுக்கு கைடு தேவைப்படாது என்பது என் கணிப்பு. 9ஆம் நூற்றாண்டுச் சிவன் கோயிலின் சுற்றுச்சுவர் உட்புறத்தில் ராமாயணம் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. வலமாகச் சுற்றினால் கதை தானாக ஓடும். வானரங்கள் கல்லைப் போட்டு அணை கட்டும் காட்சிக்கு வரும்போது, சேதுக்கரைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு யார் விளக்க வேண்டும்? நீங்களே நாலு பேருக்குச் சொல்லுவீர்கள்.

போரோபுதூர் அப்படி இல்லை. அங்கே 2,672 புடைப்புச் சிற்பப் பலகைகள், 504 புத்தர் சிலைகள். பௌத்த நூல் கதைகள் நமக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. துணை இல்லாமல் போனால் அரை மணி நேரத்தில் எல்லாச் சிற்பமும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடும். மேல் தளங்களுக்கு ஏற வேண்டுமானால் தனி டிக்கெட், அங்கே தரும் செருப்பு, கூடவே கைடு என்பது விதி. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் உண்டு, முன்பதிவு செய்துவிடுங்கள். கைடிடம் கப்பல் சிற்பங்களைக் காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் மிதவைக் கட்டை கட்டிய பாய்மரக் கப்பல்கள். அவற்றைப் பார்த்து அப்படியே ஒரு கப்பலைக் கட்டி, 2003-04இல் இந்தோனேசியாவிலிருந்து ஆப்பிரிக்காவின் கானா வரை ஓட்டிப் போனார்கள். அந்தக் கப்பல் வளாகத்து அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. வல்லமும் விசைப்படகும் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர் அதைத் தவறவிடக் கூடாது. படி ஏற முடியாவிட்டால் அம்மாவை அங்கே உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஏறலாம்.

கைடை எப்படித் தேர்வது? இந்தோனேசியாவில் உரிமம் பெற்ற கைடுகளுக்கு எச்.பி.ஐ. என்ற சங்கம் இருக்கிறது. அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. பாலியில் கார் ஓட்டுநர்கள் சுமாராக ஆங்கிலம் பேசுவார்கள், வழியில் ஊர்க்கதை சொல்வார்கள், அது போதும். கலாச்சார கிராமம் என்று ஏஜென்ட் போட்டிருப்பது பெங்லிபுரான் என்றால் தாராளமாகப் போங்கள். அது ஜனங்கள் குடியிருக்கும் ஊர், வாசலில் நுழைவுக் கட்டணம், கைடு அவசியமில்லை. செட் போட்ட இடம் என்றால் விட்டுவிடுங்கள்.

காசில்லாமல் கிடைப்பதையும் சொல்லிவிடுகிறேன். பாலியில் பெரும்பாலான கோயில்களுக்கு 210 நாளுக்கு ஒரு முறை திருவிழா வரும். கோயில்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் எந்த வாரத்திலும் எங்காவது ஒன்று நடக்கும். தங்கும் விடுதியில் காலையில் கேளுங்கள். இடுப்பில் சாரோங்கும் கச்சையும் கட்டி, கும்பிடுகிறவர்களின் முன்னால் குறுக்கே போகாமல், ஓரமாக நின்றால் யாரும் தடுப்பதில்லை. மாதவிலக்கான பெண்கள் உள்ளே போகக்கூடாது என்ற கட்டுப்பாடு அங்கும் உண்டு.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து வாசகர்கள் துபாய் பாலைவன சஃபாரி பற்றி இதே கேள்வியைக் கேட்பதுண்டு. மணலில் ஜீப் ஓட்டத்துக்காகப் போகலாம். அங்கே ஆடும் பெல்லி நடனமும் தனூரா சுழற்சியும் அந்த ஊர் ஆட்டம் இல்லை, தனூரா எகிப்திலிருந்து வந்தது. அமீரகத்தின் ஆட்டம் அல்-அய்யாலா. எமிராத்தி ஒருவரோடு உட்கார்ந்து சாப்பிட்டு மனம்விட்டுக் கேள்வி கேட்க வேண்டுமானால் அல் ஃபாஹிதியில் இருக்கும் ஷேக் முகம்மது கலாச்சாரப் புரிதல் மையத்துக்கு முன்பதிவு செய்யுங்கள்.

ஆசிரியர் ஐயா ஏஜென்டிடம் கேட்க வேண்டியது இரண்டுதான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கைடுக்கும் தனித்தனி விலை என்ன? எந்தெந்தக் கடைகளில் வண்டி நிற்கும்? இரண்டுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். கடை நிறுத்தமே வேண்டாம் என்று சொன்னால் விலை கொஞ்சம் ஏறும், அதற்குச் சம்மதியுங்கள். எழுதித் தரத் தயங்கினால் விமானத்தையும் விடுதியையும் மட்டும் அவரிடம் வைத்துக்கொண்டு, மற்றதை மகனை இணையத்தில் பதிவு செய்யச் சொல்லிவிடுங்கள்.