கொட்டேஷனில் இல்லாத வரி

கேள்வி: உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கணினியில் அமைத்த ஒரு கடைத்தெருவில் வயதானவர்கள் வழியை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்று சோதிக்க வேண்டும். புரோகிராமிங் தெரியாது. இப்படி முப்பரிமாண உலகத்தைக் கட்டுகிற மென்பொருள்களில் எது நல்லது: யூனிட்டியா, அன்ரியலா, விசார்டா? ஒரு நிறுவனம், கண்ணில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். ஹெட்செட்டோடு சேர்த்து இரண்டரை லட்சத்துக்கு முடித்துத் தருவதாகச் சொல்கிறது. நம்பலாமா?

பதில்: யூனிட்டி போதும். மாணவர்களுக்கு இலவசம். சிக்கிக்கொண்டால் சொல்லித்தர ஊரில் நாலு பேர் கிடைப்பார்கள். அதோடு யூ.எக்ஸ்.எஃப். என்ற இலவசச் சட்டகத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உளவியல் சோதனைகளுக்கென்றே எழுதப்பட்டது. எத்தனை சுற்று, எந்த வரிசை என்பதை அது கவனித்துக்கொள்ளும். நடப்பவர் எங்கே நின்றார், எந்தப் பக்கம் திரும்பினார் என்பதை எக்செலில் திறக்கிற சி.எஸ்.வி. கோப்பாகத் தரும். கொஞ்சம் சி ஷார்ப் என்ற புரோகிராமிங் மொழி படிக்க வேண்டியிருக்கும், பயப்பட வேண்டாம்.

அன்ரியலில் தெரு பளபளக்கும். உங்களுக்கு வேண்டியது பளபளப்பு இல்லை, திருப்பங்கள். விசார்ட் ஆய்வகங்களுக்காகவே வந்தது, பைத்தான் மொழியில் எழுதலாம், ஆனால் காசு. உங்கள் துறையில் ஏற்கெனவே உரிமம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

இப்போது அந்த இரண்டரை லட்சம். கொட்டேஷனை எடுத்துப் பாருங்கள். 'யூனிட்டி ப்ராஜெக்ட் ஃபோல்டர் முழுவதும் ஒப்படைக்கப்படும்' என்ற வரி, அதாவது நீங்களே திறந்து திருத்தக்கூடிய மூலக் கோப்புகளைத் தருவோம் என்ற உறுதி, இருக்கிறதா? இருக்காது. கையில் ஓட்ட மட்டுமே முடிகிற ஒரு இ.எக்ஸ்.இ. கோப்பைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அது சமைத்த சாப்பாடு. உப்பு கூடிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. எனக்குத் தெரிந்த மாணவி ஒருவர், மருந்துக்கடைப் பலகையை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாற்றச் சொன்னதற்குப் பதினெட்டாயிரம் கேட்டார்கள். ஃபோல்டர் இருந்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

நம் பல்கலைக்கழகங்களின் கொள்முதல் முறையும் இவர்களுக்குத்தான் வசதி. மூன்று கொட்டேஷன் வேண்டும் என்பார்கள். மூன்றும் ஒரே கடையிலிருந்து மூன்று லெட்டர்ஹெட்டில் வரும். இலவச மென்பொருளுக்குக் கொட்டேஷன் இல்லை என்று சொன்னால் ஃபைல் திரும்பி வரும். மார்ச் முடிவதற்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டும், என்னத்தைச் சொல்ல!

ஒரு விஷயத்தில் மட்டும் யூனிட்டி வேண்டாம் என்பேன்: பொத்தானை எவ்வளவு வேகமாக அழுத்துகிறார் என்பதுதான் உங்கள் அளவீடு என்றால். ஹெட்செட் 90 ஹெர்ட்ஸில் ஓடினால் சுமார் 11 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் படம் மாறும். யூனிட்டியும் வழக்கமாக அப்போதுதான் பொத்தானைப் பார்க்கும். படம் கண்ணுக்கு வந்து சேரும் தாமதம் தனி. 20 மில்லி விநாடி வித்தியாசத்தைத் தேடுகிறவர் சாதாரண மானிட்டரில் சைக்கோபை என்ற உளவியல் சோதனை மென்பொருளை வைத்துச் செய்யட்டும், அதுவும் இலவசம். அந்தத் தாமதத்தையும் ஒளி உணரி வைத்து அளந்த பிறகு. உங்களுக்கு இந்தக் கவலை இல்லை. எந்தச் சந்தில் திரும்புவது என்று யோசித்து நிற்கிற பெரியவருக்கு 11 மில்லி விநாடி ஒரு பொருட்டா?

சரி, ஹெட்செட்? உட்கார்ந்தபடி ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினால் கண் நடக்கும், உடம்பு நடக்காது; பலருக்குக் குமட்டும். முதலில் மானிட்டரிலேயே ஓட்டுங்கள், அதே ப்ராஜெக்ட் ஓடும். அப்புறம், ஆய்வு தொடங்கிய பிறகு யூனிட்டி பதிப்பை மாற்றவே மாற்றாதீர்கள்.

இந்த வாரம் இரண்டு திருப்பம் மட்டும் உள்ள தெரு ஒன்றைக் கட்டி, வீட்டுப் பெரியவர்கள் மூன்று பேரை நடக்கவிட்டு, சி.எஸ்.வி.யைத் திறந்து பாருங்கள். கொட்டேஷனுக்கு அதன் பிறகு பதில் போடலாம்.