சொந்தமாகச் செயற்கைக்கோள் செய்வதால் சாதாரண மனிதனுக்கு என்ன பயன்? வாடகைக்கு எடுத்தால் போதாதா?

கேட்டவர் தமிழ்நாட்டில், வீட்டில் கேபிளும் கையில் ஃபோனும் உள்ளவர் என்று நினைக்கிறேன். அங்கே இருந்து பார்த்தால் இப்படித்தான் கேட்கத் தோன்றும். நான் ரங்கூன்காரன். பல வருடம் வீடு வீடாக டிஷ் மாட்டியவன். இன்ஜினியர் இல்லை, அதனால் கணக்கில் பிழை பிடிக்க வருபவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாடகை விஷயம். 1975 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி, 2,400 கிராமங்களுக்கு இந்தியா தொலைக்காட்சி காட்டியது. ஒரு வருடம்தான். தவணை முடிந்ததும் அவர்கள் கோளைத் தங்கள் பக்கம் நகர்த்திக்கொண்டார்கள். இரவல் என்றால் அவ்வளவுதான்.

அப்புறம் வந்தது ஆப்பிள், இந்தியா தானே செய்த முதல் தகவல் தொடர்புச் செயற்கைக்கோள். 670 கிலோ. 1981 ஜூன் 19 அன்று ஐரோப்பாவின் ஏரியான் ராக்கெட்டில் போனது. திட்ட இயக்குநர் ஆர்.எம். வாசகம், நம் தமிழர், பின்னால் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனவர். அந்தக் கோளை மாட்டுவண்டியில் ஏற்றிய படத்தை வறுமைக்கு அடையாளமாகப் பகிர்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஆண்டெனாவைச் சோதிக்கும்போது சுற்றிலும் உலோகம் இருந்தால் அளவு கெட்டுவிடும், அதற்காகத்தான் மரவண்டி. மேலே போனதும் இரண்டு சூரியத் தகடுகளில் ஒன்று விரியவில்லை. இருந்த ஒன்றை வைத்தே இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டினார்கள். அந்தக் கைப்பழக்கம்தான் 1992ல் முழுக்கத் தாங்களே செய்த இன்சாட்-2ஏ கோள் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. வாடகைக்கு எடுத்தால் இதெல்லாம் கைக்கு வருமா?

சரி, சாதாரண மனிதனுக்கு என்ன பயன் என்றால், எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

பர்மியில் டிஷ்ஷுக்குச் சலௌங் என்று பெயர், சட்டி மூடி என்று பொருள். பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் கோள் நின்றால், பூமி சுற்றும் வேகத்திலேயே அதுவும் சுற்றும். அதனால் டிஷ்ஷை ஒருமுறை சரியாக நிறுத்திவிட்டால் போதும், பிறகு தொட வேண்டாம். ரங்கூனில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கும் கோளுக்கு டிஷ் ஏறக்குறைய வானத்தையே பார்த்துக் கிடக்கும். மழை பெய்தால் தண்ணீர் தேங்கும். நடுவில் ஓட்டை போட்டுத்தான் மாட்டுவேன்.

2008 ஜனவரியில் டிஷ் லைசென்ஸ் கட்டணம் 6,000 கியாட்டிலிருந்து ஒரேயடியாக 10 லட்சம் ஆனது. என் தொழில் அன்றே படுத்துவிட்டது. மே மாதம் நர்கிஸ் புயல். விடிந்து பார்த்தால் கூரைத் தகரம் பாதி இல்லை, எங்கள் டிஷ் பக்கத்துச் சாக்கடையில் கவிழ்ந்து கிடக்கிறது. கரண்ட் இல்லை, ஃபோன் இல்லை. அப்பத்தா மட்டும், "ஊர்ல என்னய்யா ஆச்சு, எத்தனை பேர் போனாங்க"ன்னு கேட்டுக்கொண்டே இருந்தது. நாலாம் நாள் ஒரு ஜெனரேட்டர் கிடைத்தது. நெளிந்த விளிம்பை மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தி, டிஷ் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பி கருவியைத் துடைத்து, மொட்டைச் சுவர் மேல் செங்கல் அண்டக் கொடுத்து நிறுத்தினேன். விரற்கடை விரற்கடையாகத் தள்ளத் தள்ள, சிக்னல் மீட்டர் முனக ஆரம்பித்து, பிறகு ஒரே சத்தமாகக் கத்தியது. உள்ளே தமிழ்ச் செய்தி. எங்கள் ஊர்ப் பேரைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வங்காள விரிகுடாவில் மேகம் சுருண்டு நின்ற படமும் வந்தது. அப்பத்தா திரைக்கு அருகே போய் அந்தச் சுருளை விரலால் தொட்டுப் பார்த்தது.

2003ல் போன இன்சாட்-3ஏ, தகவல் தொடர்புக் கருவிகளோடு மேகத்தைப் படமெடுக்கும் கேமராவையும் சுமந்துகொண்டு அதே 93.5 பாகையில்தான் நின்றது என்று பிற்பாடு தெரிந்தது. என் டிஷ் பார்த்துக் கிடந்த இடத்திலிருந்துதான் அதுவும் புயலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. புயல் கரையேறுவதற்கு 48 மணி நேரம் முன்பே இந்திய வானிலைத் துறை பர்மாவுக்கு எச்சரிக்கை அனுப்பியிருந்தது. கோள் தன் வேலையைச் செய்தது. சேதி மக்கள் காதுக்கு வந்து சேர்ந்ததா என்பது வேறு கதை, அதை இங்கே பேச நான் தயாரில்லை.

வியாசர்பாடியில் அப்பத்தாவின் தம்பி இருக்கிறார், அறுபதுகளில் கப்பலேறிப் போனவர். லைன் கிடைத்தபோது சொன்னார், அதே செய்தியைத்தான் அவரும் அங்கே உட்கார்ந்து பார்த்தாராம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். உலகத் தமிழர் என்று பட்டியல் போடுகிறவர்கள் சிங்கப்பூர், மலேசியா, கனடா என்று அடுக்குகிறார்கள். எங்களை விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் ஒரு கல்யாணத்தில், "பர்மாவுல இன்னும் தமிழ் பேசுறாங்களா"ன்னு ஒருத்தர் என்னிடமே தமிழில் கேட்டார். பேசுகிறோம் ஐயா. சிரியம், பெகு, மோல்மேன் என்று பர்மா ஊர்களில் பேசுகிறோம். பள்ளிக்கூடத்தில் தமிழ் இல்லாத காலத்திலும் கோயிலிலும் வீட்டிலும் பேசினோம். என் மகள் வாசிக்கப் பழகியது செய்தியின் அடியில் ஓடும் எழுத்தைப் பார்த்துத்தான். இந்தியாவுக்கென்று வீசிய கதிர் எல்லைக்கோட்டோடு நிற்காமல் எங்கள் கூரை வரை வந்ததால் நடந்தது அது.

எங்கள் நாடும் 2019ல் இன்டெல்சாட்-39 கோளில் ஒரு பங்கு வாங்கி மியான்மர்சாட்-2 என்று பெயர் வைத்தது. பங்கும் தேவைதான், நான் குறை சொல்லவில்லை. இப்போதுதான் எல்லாம் ஃபோனில் வருகிறதே என்று கீழே யாராவது எழுதுவீர்கள். வருகிறது, டவர் நிற்கும் வரை. அந்த மே மாதம் எங்கள் தெருவில் வந்தது அந்த நெளிந்த டிஷ்ஷில் மட்டும்தான்.