என்ஜின் மவுண்டிங்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் 22 வருடமாக வண்டி வேலை பார்க்கிறேன். மவுண்டிங் என்றால் என்ஜினை வண்டியின் பாடியோடு பிடித்து, நடுக்கத்தை அடக்கும் ரப்பர் தாங்கி. அதைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். கேட்டவர்களின் பெயர் வேண்டாம் என்று ஏரியாவை மட்டும் போட்டிருக்கிறேன்.

வேளச்சேரி: 4 சிலிண்டர் பெட்ரோல் கார், 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சிக்னலில் ஏசியோடு நின்றால் ஸ்டீயரிங், சீட் எல்லாம் நடுங்குகிறது. கிளம்பிவிட்டால் சரியாகிவிடுகிறது. மூன்று மவுண்டிங்கையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா சார்?

கொஞ்சம் பொறுங்கள் சார். நடுக்கம் என்றாலே மவுண்டிங் என்று முடிவு கட்டுவதுதான் நம் ஊரில் அதிகம் பணம் வீணாகிற இடம். முதலில் ஏசியை அணைத்துப் பாருங்கள். அணைத்ததும் நடுக்கம் பாதியாகிவிட்டால், த்ராட்டில் பாடியில் (என்ஜினுக்குக் காற்றை விடும் வாய்) கரி பிடித்து ஐடிலிங் (வண்டி நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகம்) தள்ளாடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சீராக இல்லாமல் விட்டுவிட்டு உதறினால் ஸ்பார்க் பிளக், காயில் பக்கம் போங்கள். இரண்டும் இல்லை, ஒரே சீரான நடுக்கம், ஆக்சிலேட்டரைத் தொட்டு 1,200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1,200 சுற்று) வந்ததும் மறைகிறது என்றால் அப்போது மவுண்டிங்கைச் சந்தேகப்படலாம்.

சோதிக்க இரண்டு பேர் வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பானெட்டைத் திறந்து வையுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை முழுசாக மிதித்துக்கொண்டு, ஃபர்ஸ்ட் கியரில் கிளட்சை லேசாகப் பிடிக்க விட வேண்டும், அப்புறம் ரிவர்ஸில் அதேபோல். நீங்கள் பக்கவாட்டில் நின்று என்ஜினைப் பாருங்கள். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கவே கூடாது. என்ஜின் கொஞ்சம் சாய்ந்து நிதானமாகத் திரும்பி வந்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. ஒரு பக்கம் துள்ளி எழுந்து 'டொக்' என்று விழுந்தால் கிழிந்துவிட்டது. எந்தப் பக்கம் எழுகிறது என்று பார்த்து எழுதுங்கள், மேற்கொண்டு என்ன செய்வது என்று சொல்கிறேன்.

பெருங்களத்தூர்: புது வண்டி, 3 சிலிண்டர். எடுத்த நாளிலிருந்தே ஐடிலிங்கில் நடுக்கம். பழைய 4 சிலிண்டர் வண்டியில் இப்படி இல்லை. மவுண்டிங் டிஃபெக்டா?

பெரும்பாலும் இருக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 800 ஆர்பிஎம்மில் நொடிக்கு ஏறக்குறைய 27 தட்டு. 3 சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை வெடிப்புதான், அதாவது நொடிக்கு 20 தட்டு. தட்டு எவ்வளவு மெதுவாக வருகிறதோ அந்த அளவுக்கு ரப்பரால் அதை அடக்குவது கஷ்டம். அதோடு 3 சிலிண்டர் என்ஜினுக்கு முன்னும் பின்னும் தொட்டில்போல ஆடும் குணமும் உண்டு. அதனால்தான் இந்த வண்டிகளுக்கு மவுண்டிங்கை இன்னும் மெத்தென்று வைக்கிறார்கள்.

ரப்பரின் தரத்தைப் போலவே அதை எந்த இடத்தில், எந்த உயரத்தில் வைக்கிறோம் என்பதும் முக்கியம். 1931இல் அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி தன் பிளைமவுத் காரில் 'ஃப்ளோட்டிங் பவர்' என்று ஒரு ஏற்பாடு கொண்டுவந்தது. என்ஜினின் முன்பக்கத்தை உயரத்திலும் பின்பக்கத்தைத் தாழ்வாகவும் ரப்பரில் உட்கார வைத்தார்கள். என்ஜின் இயல்பாக எந்த அச்சில் உருள விரும்புகிறதோ அந்த அச்சிலேயே அதை ஆட விட்டார்கள். அதே 4 சிலிண்டர் என்ஜின் ஆளே மாறியதுபோல் ஆனது. பிரான்ஸில் சிட்ரோயன் அதற்கு உரிமம் வாங்கியது. இன்று உங்கள் வண்டியில் இருப்பதும் அந்த யோசனையின் பேரப்பிள்ளைதான்.

அதே மாடல் இன்னொரு வண்டியை இரவல் வாங்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதிலும் இதே அளவுதான் என்றால் விட்டுவிடுங்கள்.

ராயபுரம்: மவுண்டிங்குக்குக் கீழே கறுப்பாக ஈரம் வழிந்திருக்கிறது. ஆயில் லீக் என்று நினைத்து கேஸ்கெட் மாற்றினேன். மறுபடியும் ஈரம்.

விரலால் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். என்ஜின் ஆயில் வழுவழுப்பாகப் படரும். இது மெலிதாக இருந்தால் மவுண்டிங்குக்குள் இருக்கும் கிளைக்கால் திரவம். சில கார்களில் ரப்பருக்குள் இரண்டு அறைகள் இருக்கும், நடுவில் குறுகலான வழி. பள்ளத்தில் விழும்போது திரவம் அந்த வழியாகச் சிரமப்பட்டுப் போய்வந்து பெரிய குலுக்கலை அடக்கும். திரவம் வெளியே வந்துவிட்டால் மிச்சம் வெறும் ரப்பர் கூடுதான். திரும்ப நிரப்ப முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

முகப்பேர்: அண்ணா, கல்லுமாதிரி இருக்கிற பாலியூரித்தேன் மவுண்டிங் போட்டால் ஜென்மத்துக்கும் கிழியாது என்கிறார்கள். போடலாமா? இல்லாவிட்டால் பழைய மவுண்டிங்கின் ஓட்டைகளில் கண்ணாடி ஒட்டும் பசையை நிரப்பலாமா?

ரேஸ் ஓட்டுகிறாயா தம்பி? இல்லையென்றால் இரண்டுமே வேண்டாம்.

ரப்பரை அழுத்தினால் அதன் கன அளவு குறைவதில்லை, உருவம்தான் மாறும். ஒரு பக்கம் அமுங்கினால் இன்னொரு பக்கம் பிதுங்க இடம் வேண்டும். மவுண்டிங்கில் நீ பார்க்கிற அந்த ஓட்டைகள் பிதுங்குவதற்காக விட்ட இடம். பசையை அடைத்தால் ரப்பருக்குப் போக்கிடம் இல்லை, எல்லா அதிர்வும் பாடிக்குப் போகும். டேஷ்போர்டு கிறுகிறுக்கும், பிராக்கெட்டில் விரிசல் விழும். கம்பெனி ரப்பர் பெரும்பாலும் ஷோர் ஏ கணக்கில் (ரப்பரின் கெட்டித்தன்மையைச் சொல்லும் அளவு) 40இலிருந்து 60க்குள் இருக்கும், நீ சொல்கிற பாலியூரித்தேன் 75க்கு மேல். கிழியாது என்பது உண்மைதான். ஆனால் மவுண்டிங்குக்கு இரண்டு வேலை. என்ஜினைப் பிடித்து நிறுத்தவும் வேண்டும், அதன் ஆட்டத்துக்கு விட்டுக்கொடுக்கவும் வேண்டும். முதல் வேலையை மட்டும் செய்கிறதை வாங்கி ஓ.எம்.ஆர். சிக்னல்களில் உட்கார்ந்து என்ன லாபம்?

அண்ணா நகர்: எங்கள் அடுக்குமாடியில் ஜெனரேட்டர் ஓடினால் தரைத்தளத்து வீட்டில் பாத்திரம் அதிர்கிறது. கீழே நட்டு வைத்து ஏற்றி இறக்கும் ரப்பர் மவுண்டிங் நாலு இருக்கிறது. இன்னும் கெட்டியான ரப்பர் போட வேண்டுமா? நான்தான் இந்த வருடம் செயலாளர், எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள்.

கெட்டி ரப்பர் வேண்டாம் அம்மா, அது நிலைமையை மோசமாக்கும். ஏன் என்று சொன்னால் கூட்டத்தில் நீங்களே விளக்கலாம்.

உங்கள் ஜெனரேட்டர் 1,500 ஆர்பிஎம், அதாவது நொடிக்கு 25 சுற்று. மெஷினின் எடையில் ரப்பர் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று அளந்து பாருங்கள். 15.8ஐ அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால், மெஷினும் ரப்பரும் சேர்ந்து நொடிக்கு எத்தனை முறை தானாகத் துள்ள விரும்புகிறது என்று வரும். 4 மில்லிமீட்டர் அமுங்கினால் 8 முறை. 25க்கு வெகு தூரம், அந்தச் சுற்றின் அதிர்வில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தரைக்குப் போகும். 1 மில்லிமீட்டர்தான் அமுங்குகிறது என்றால் 16 முறை, மூன்றில் இரண்டு பங்கு இறங்கிவிடும். ரப்பர் அரை மில்லிமீட்டர்தான் அமுங்கும் அளவுக்குக் கெட்டி என்றால் 22 முறை. 25க்கு ஒட்டி வந்துவிட்டது, இப்போது அதிர்வு குறைவதற்குப் பதில் பெருகும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோலத்தான். இது மேலோட்டமான கணக்கு, ஆனால் திசை தவறாது.

ரப்பரை மாற்றும் முன் அந்த நட்டுகளைப் பாருங்கள். முகப்பேரில் ஒரு குடியிருப்பில் இதே புகார். நான் குனிந்து பின்பக்க வலது மவுண்டிங்கின் வாஷரை விரலால் தொட்டேன், சுலபமாகச் சுழன்றது. மெஷின் மூன்று காலில் நின்றுகொண்டிருந்தது! நாலாவது ரப்பர்மேல் எடையே இல்லை, அதன் இரு பக்கத்து மூலை ரப்பர்களும் அப்பளமாக நசுங்கியிருந்தன.

மெஷினை நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, பூட்டு நட்டுகளைத் தளர்த்தச் சொல்லுங்கள். நாலு மூலையிலும் ரப்பரின் உயரத்தை ஸ்கேலால் அளந்து எழுத வேண்டும். ஒவ்வொரு நட்டையும் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி நாலு உயரமும் சமமாக வரும்வரை கொண்டுபோக வேண்டும். நாலும் ஒரே மாடல் ரப்பராக இருந்தால்தான் இந்தக் கணக்குச் சரிவரும். ஒரு மூலையைத் தொட்டால் மற்ற மூன்றும் மாறும், அதனால் அவசரப்படுகிற ஆளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். கடைசியில் பூட்டு நட்டு. பிறகு சைலன்ஸர் குழாயைப் பாருங்கள். நடுவில் வளையும் பெல்லோ இல்லாமல் நேராகச் சுவரில் கிளாம்ப் அடித்திருந்தால் ரப்பர் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை, அதிர்வு அந்த வழியாக வீட்டுக்குள் போய்விடும்.

புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளில் பழைய மவுண்டிங் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, வாங்கலாமா? (நிறைய பேர்)

புதுப்பேட்டையில் நானே கதவு, பிராக்கெட், கியர்பாக்ஸ் எல்லாம் வாங்கியிருக்கிறேன். ரப்பர் மட்டும் வாங்க மாட்டேன். ஓடாமல் அலமாரியில் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். ஒருமுறை கறுப்பு பெயின்ட் அடித்த பழையதைப் புதிது என்று ஒரு கடையில் கொடுத்துவிட்டார்கள். நகத்தால் கீறியதும் உரிந்தது, அடியில் ஓரம் முழுக்க முடிபோல விரிசல்.

அடையாறு: நார்ட்டன் பைக்கில் என்ஜினை ரப்பரில் தொங்கவிட்டு அட்ஜஸ்ட் செய்வார்களாமே. என் 1990களின் புல்லட்டிலும் அப்படிச் செய்ய முடியுமா?

அருமையான கேள்வி. 2020இல் நம்ம டிவிஎஸ் பிரிட்டிஷ் பைக் கம்பெனியான நார்ட்டனை வாங்கியதிலிருந்து பலர் அதன் பழைய கமாண்டோ பைக்கைப் பற்றிக் கேட்கிறார்கள். 1967இல் வந்த அந்த வண்டிக்கு நடுக்கம் அதிகமான இரட்டை சிலிண்டர் என்ஜின். அதை ஃப்ரேமில் இறுக்கிக் கட்டாமல் ரப்பர் வளையங்களில் உட்கார வைத்தார்கள், ஐசோலாஸ்டிக் என்று பெயர். என்ஜினை மட்டும் ரப்பரில் விட்டால் செயின் கோணும், பின்சக்கரம் ஒரு பக்கம் போகும். அதனால் என்ஜின், கியர்பாக்ஸ், பின்சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்விங் ஆர்ம் மூன்றையும் ஒரே கூட்டில் சேர்த்து, அந்தக் கூட்டையே ரப்பரில் வைத்தார்கள். மேலும் கீழும் ஆடலாம், பக்கவாட்டில் மட்டும் ஆடக் கூடாது. அந்தப் பக்கவாட்டு இடைவெளியைத்தான் அட்ஜஸ்ட் செய்வது. அளவு ஒரு அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு, கால் மில்லிமீட்டர். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்த்து மெல்லிய ஷிம் தகடுகளைக் கூட்டிக் குறைப்பார்கள். இறுக்கினால் நடுக்கம் கைக்கு வரும், தளர்த்தினால் வளைவில் வண்டி நெளியும். ஷிம் மாற்றுவது பெரிய தொல்லை என்று 1975 மாடலில் திருகி அட்ஜஸ்ட் செய்யும்படி மாற்றிவிட்டார்கள்.

உங்கள் புல்லட்டில் இதைச் செய்யாதீர்கள். அதில் என்ஜின் ஃப்ரேமோடு இறுக்கிக் கட்டப்பட்டது, ஸ்விங் ஆர்ம் தனியாக ஃப்ரேமில் இருக்கிறது. நடுவில் ரப்பர் வைத்தால் நான் சொன்ன செயின் பிரச்சினை வந்துவிடும். என்ஜின் பிளேட் போல்ட்டுகளையும், ஹெட்டுக்கு மேலே ஃப்ரேமோடு பிடிக்கும் பிராக்கெட்டையும் சரியான இறுக்கத்தில் வையுங்கள். அந்தச் சின்ன பிராக்கெட் தளர்ந்தே பல புல்லட்டுகள் அநியாயத்துக்கு உதறுகின்றன. 2021இல் வந்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 மென்மையாக ஓடுவதற்குப் பெரிய காரணம் உள்ளே இருக்கும் பேலன்ஸர் ஷாஃப்ட், அதாவது என்ஜினின் ஆட்டத்துக்கு எதிராகச் சுழன்று அதை அடக்கும் தண்டு.

ஆவடி: லோடு வண்டி ஓட்டுகிறேன் அண்ணே. வருடத்துக்கு ஒரு மவுண்டிங் போகிறது. மாதாமாதம் வாட்டர் சர்வீஸ் செய்து அடியில் டீசல் ஸ்ப்ரே கூட அடிக்கிறேன்.

அந்த டீசல்தான் தின்கிறது அண்ணே. இந்த மவுண்டிங்கெல்லாம் பெரும்பாலும் இயற்கை ரப்பர். எண்ணெய் பட்டால் ஊறி, உப்பி, பிசுபிசுத்து, இரும்போடு ஒட்டிய இடத்தில் விட்டுவிடும். பளபளப்புக்காக அடிக்கிற எதுவும் வேண்டாம், தண்ணீர் போதும். என்ஜினிலிருந்து ஆயில் ஒழுகி மவுண்டிங்மேல் விழுகிறதா என்றும் பாருங்கள், ஒழுக்கை நிறுத்தாமல் புதுசு போட்டால் அதுவும் போகும்.

மடிப்பாக்கம்: மழைத் தண்ணீரில் வண்டி இரண்டு நாள் நின்றது. மவுண்டிங் போயிருக்குமா?

ரப்பருக்கு ஒன்றும் ஆகாது. இரும்பில் துரு ஏறினால் அது ரப்பரின் ஓரத்துக்கு அடியில் புகுந்து பிரிக்கும், அதற்குச் சில மாதம் பிடிக்கும். அடுத்த சர்வீஸில் பார்த்தால் போதும்.

திருவொற்றியூர்: நானும் மெக்கானிக்தான் அண்ணா. கம்பெனி மவுண்டிங் மூன்றும் புதுசு போட்டேன். முன்னைவிட நடுக்கம் அதிகம். கஸ்டமர் கோபப்படுகிறார்.

பார்ட்டில் தப்பு இருக்காது தம்பி, இறுக்கிய விதத்தில் இருக்கும். ஜாக்கியில் என்ஜின் தூக்கியிருக்கும்போதே ஒவ்வொன்றாக முழு இறுக்கம் கொடுத்துவிட்டாயா? அப்படிச் செய்தால் எடை இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். ஒரு பக்கம் முட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் ரப்பராக வேலை செய்யாது.

எல்லா போல்ட்டையும் தளர்த்து, கழற்ற வேண்டாம். ஆயில் பேனுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கி லேசாகத் தாங்கட்டும், பலகை இல்லாவிட்டால் பேன் நசுங்கும். பிறகு ஜாக்கியை மெதுவாக இறக்கி என்ஜின் எடை முழுதும் மவுண்டிங்மேல் வரட்டும். என்ஜினைக் கையால் முன்னும் பின்னும் நாலு முறை ஆட்டி விடு, அது தனக்குப் பிடித்த இடத்தில் உட்காரும். எடை தாங்கும் இரண்டையும் முதலில் டார்க் ரெஞ்சில் மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்கு, முறுக்கைத் தாங்கும் மூன்றாவதைக் கடைசியில். பிராக்கெட் ஓட்டைகள் நீளவாக்கில் இருப்பதே இந்த இடம் சரிசெய்யத்தான். கஸ்டமரை நாளைக்கு வரச் சொல், ஒரு மணி நேர வேலை.

வேளச்சேரி, மறுபடியும்: நீங்கள் சொன்னபடி செய்தேன் சார். ஃபர்ஸ்ட் கியரில் ஒன்றுமில்லை. ரிவர்ஸில் என்ஜின் முன்பக்கம் சாய்ந்து டொக் என்றது. மேலே இருக்கிற இரண்டும் அசையவில்லை.

அப்படியென்றால் கீழே, பின்பக்கம் இருக்கும் எலும்பு வடிவ மவுண்டிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அது எடை தாங்குவதில்லை, என்ஜின் உருளாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. வண்டியைத் தூக்கி டார்ச் அடித்து, நடுவில் ஒரு லிவரை நுழைத்து நெம்பினால் கிழிசல் வாய் திறக்கும், உங்களையே பார்க்க விடச் சொல்லுங்கள். கிழிந்திருந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மற்ற இரண்டிலும் விரிசலோ ஈரமோ இல்லையென்றால் அவற்றைத் தொட வேண்டாம்.