ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ இரைச்சல்: எதை வாங்குவது?

கேள்வி: புதிதாக வாங்கிய ஆம்ப்ளிஃபயரை டிவியோடு இணைத்ததிலிருந்து ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஓயாத இரைச்சல். விலை அதிகமான பவர் கண்டிஷனர் (வீட்டு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பெட்டி) ஒன்றை வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். பிளக்கில் இருக்கும் எர்த் பின்னைக் கழற்றிவிடு என்கிறார் நண்பர். லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுத் தொட்டால் விரல் விறுவிறுக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். முதலில் ஆம்ப்ளிஃபயரில் செருகியிருக்கும் ஆடியோ ஒயர்களை எல்லாம் கழற்றிவிட்டுக் கேளுங்கள். அப்போதும் இரைந்தால் கோளாறு ஆம்ப்ளிஃபயரில்தான். வாரண்டி இருக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நின்றுவிட்டால் ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது டிவிக்குப் பின்னால் வரும் கேபிள் அல்லது டிஷ் ஒயர். நானும் இரண்டு நாள் ஆம்ப்ளிஃபயரைத் திட்டித் தீர்த்த பிறகுதான் அந்த ஒயரைத் திருகிக் கழற்றினேன். சட்டென்று அமைதி!

விஷயம் இதுதான். அந்த ஒயருக்குள் இருக்கும் உலோக உறை வெளியே ஓரிடத்தில் எர்த் ஆகியிருக்கும், ஆம்ப்ளிஃபயர் பிளக் வழியாக வேறிடத்தில். இரண்டுக்கும் நடுவில் சின்ன வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலும் ஆடியோ ஒயரின் உலோக உறை வழியே மின்சாரம் ஓடும். மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அதிர்வுதான் உங்கள் காதில் விழும் ‘ம்ம்ம்’. டிவி, ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் ஒரே பிளக் போர்டில் செருகிப் பாருங்கள், செலவே இல்லை. அடங்காவிட்டால், இரண்டிலும் ஆப்டிகல் சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கேபிளில் போவது வெளிச்சம், மின்சாரம் தாண்ட வழியில்லை. இல்லையென்றால் ஆடியோ ஒயருக்கு நடுவே செருகி அந்த மின்சாரத்தின் பாதையைத் துண்டிக்கும் ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்ற சின்னப் பெட்டி போதும். மட்டமானதை வாங்கினால் பேஸ் ஒலி மெலிந்துவிடும், அதனால் வாங்குமுன் பாட்டு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள்.

‘ம்ம்ம்’ இல்லாமல் ‘ர்ர்ர்’ என்று கரகரத்து, விளக்கின் டிம்மரைத் திருகும்போது ஏறி இறங்கினால் அது வேறு சங்கதி. குற்றவாளி டிம்மர், அதை மாற்றுங்கள்.

எர்த் பின்னை மட்டும் கழற்றவே கழற்றாதீர்கள். இரைச்சல் போனாலும் போகும். ஆனால் உள்ளே ஃபேஸ் ஒயர் என்றாவது உலோகப் பெட்டியில் பட்டால், மின்சாரம் எர்த்துக்குப் பாய்ந்து பிரேக்கர் விழ வேண்டும். எர்த் இல்லையென்றால் அந்தப் பாதை நீங்கள்தான்.

லேப்டாப் விறுவிறுப்பு தனிக்கதை. எர்த் இல்லாத இரண்டு பின் சார்ஜர் என்றால், உள்ளிருக்கும் கெப்பாசிட்டர் என்ற பாகத்தின் வழியாக மிகச் சிறிய கசிவு வரும். தரமான சார்ஜரில் அது ஆபத்தில்லை. மூன்று பின் சார்ஜரிலும் அப்படியே என்றால் சாக்கெட்டில் எர்த் இணைப்பே இல்லாமல் இருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, வெறும் டெஸ்டரைக் குத்திப் பார்த்துப் போகாமல் எர்த் ரெசிஸ்டன்ஸை (மின்சாரம் மண்ணுக்குள் இறங்க எவ்வளவு தடை என்பதை) மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பவர் கண்டிஷனருக்கு எடுத்துவைத்த பணத்தில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். எர்த் சரியில்லாத வீட்டில் அந்தக் கண்டிஷனரும் முழுதாக வேலை செய்யாது.