மகள் மீன் கருவை ஆராயப் போகிறேன் என்கிறாளா?

வணக்கம் அம்மா. எம்.எஸ்சி. விலங்கியல் முதலாண்டு படிக்கும் உங்கள் மகள் வரிக்குதிரை மீன் கருவில் பிஎச்.டி. செய்ய ஆசைப்படுகிறாள், “மீனைப் படிச்சு என்ன வேலை கிடைக்கும்?” என்று சொந்தபந்தங்கள் கேட்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். இது மீன்வளப் படிப்பு இல்லை. ஓர் உயிர் எப்படி உருவெடுக்கிறது என்பதைப் படிக்கும் துறை.

கங்கைச் சமவெளியின் ஓடைகளில் இயல்பாக வாழும் சின்னஞ்சிறு மீன் இது. கரு தாயின் உடலுக்கு வெளியே, கண்ணாடி போலத் தெளிவாக வளர்வதால் நுண்ணோக்கியில் அப்படியே பார்க்கலாம். 28.5 டிகிரி வெப்பத்தில் ஒரே நாளில் தலை, வால், துடிக்கும் இதயம் எல்லாம் வந்துவிடும். முதல் மூன்று மணி நேரம் அது பெரும்பாலும் தாய் முட்டையில் வைத்த ஆர்என்ஏவை, அதாவது மரபணுவின் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறுகளை நம்பியே வளர்கிறது. அதன் பிறகுதான் கருவின் சொந்த மரபணுக்கள் பெருமளவில் இயங்கத் தொடங்குகின்றன. எந்த மரபணு, எந்த செல்லில், எப்போது இயங்குகிறது? உங்கள் மகள் தேடப்போவது இதைத்தான். ‘நோ டெயில்’ என்ற மரபணு பழுதானால், கருவின் முதுகு நெடுகத் தாங்கும் தண்டான முதுகுநாணும் வாலும் உருவாவதில்லை. மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த மீனில் இணை இருப்பதை 2013-இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு காட்டியது. பிறவி இதயக் குறைபாடுகளை ஆராய்பவர்கள் இதைத் தேடி வருவது அதனால்தான்.

இனி வேலை. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. படிக்கும் காலத்தில் உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்காது. ஆனால் பிஎச்.டி. முடிய ஐந்தாறு வருடம் ஆகும், பேராசிரியர் பணியிடங்களும் குறைவு. இதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல எனக்கு மனமில்லை. அதனால்தான் ஆய்வகக் கைத்திறனோடு ஆர், பைத்தான் என்ற கணினி நிரல்மொழிகள் இரண்டையும் இப்போதே கற்கச் சொல்கிறேன். 2018-இல் ஆய்வாளர்கள் இந்தக் கருவின் பல்லாயிரம் செல்களைத் தனித்தனியே எடுத்து, ஒவ்வொன்றிலும் இயங்கும் மரபணுக்களைப் பட்டியலிட்டார்கள். அத்தகைய தரவைக் கையாளத் தெரிந்தவருக்கு மருந்து நிறுவனங்களிலும் உயிரியல் தரவைக் கணினியில் அலசும் உயிர்த்தகவலியல் குழுக்களிலும் இடம் உண்டு. ரசாயனங்களின் நச்சுத்தன்மையை மீன் கருவில் சோதிக்கும் ஆய்வகங்களும் இருக்கின்றன.

அவளுக்கு இந்த வேலை உண்மையிலேயே பிடிக்குமா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. இந்த மீன்கள் விளக்கு எரிந்ததும், விடியலில் முட்டையிடும். கருவின் செல்கள் தொடக்கத்தில் கால் மணிக்கு ஒருமுறை பிரியும். மாதிரி எடுக்க வேண்டிய நேரம் நள்ளிரவானால் நள்ளிரவில் எடுத்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் மீனுக்குத் தீனி போட ஆள் வேண்டும். இதை அவள் நேரில் பார்க்கட்டும். மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் சுமார் இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் இருந்து பார்க்கலாம். ஹைதராபாத் சிசிஎம்பி (செல், மூலக்கூறு உயிரியல் மையம்), மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், டெல்லி ஐஜிஐபி (மரபணுத்தொகுதி ஆய்வு நிறுவனம்) ஆகியவற்றில் இந்த மீனை வைத்து வேலை செய்திருக்கிறார்கள்.

திரும்பி வந்த பிறகும் ஆர்வம் குறையாவிட்டால் தடுக்காதீர்கள். ஓர் ஆய்வகத்தில் சேரும் முன், அங்கே படித்து முடித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று வழிகாட்டியிடமே கேட்கச் சொல்லுங்கள். அங்குள்ள மூத்த மாணவர்களிடம் தனியாகவும் கேட்கட்டும்.